நிலம் நகரவில்லை, ஏடு நகர்ந்தது

கள்ளக்குறிச்சிப் பக்கம் உங்களுக்கு நிலம் இருந்தால், பழைய பத்திரங்களை எல்லாம் வெளியே எடுத்து வரிசையாக வையுங்கள். தாத்தா காலத்துப் பத்திரத்தில் தென்னாற்காடு மாவட்டம். 1993-க்குப் பிறகு எழுதியதில் விழுப்புரம். 2019 நவம்பர் 26-க்குப் பிறகு எழுதியதில் கள்ளக்குறிச்சி மாவட்டம். நிலம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஏடுதான் இரண்டு முறை சட்டை மாற்றியிருக்கிறது!

சட்டை மாற்றுவதில் தப்பில்லை. மாற்றுகிற அவசரத்தில் பையில் இருந்த சாவி விழுந்துவிட்டால்?

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இந்தப் பயம் ரொம்ப உண்டு. ஒரு வங்கியின் கணக்கு ஒரே சர்வரில் இருக்காது. நகல்கள் வேறு சர்வர்களிலும் இருக்கும். புது வெர்ஷனுக்கு மாற்றும்போது எல்லாவற்றிலும் ஒரேயடியாகக் கை வைக்க மாட்டார்கள். முதலில் ஒரு நகலை மாற்றுவார்கள். பழையதோடு ஒத்துப்பார்ப்பார்கள். சரியாக இருந்தால்தான் கடைசியில் தலைமை சர்வர். பழையதன் பேக்கப் பத்திரமாகத் தனியே இருக்கும். காரணம் எளிது. நகல் என்பது சரியை மட்டுமல்ல, தவறையும் விசுவாசமாகப் பிரதி எடுக்கும்.

நம் ஊர்க் கணக்கும் இப்படித்தான். அ-பதிவேடு, சிட்டா, அடங்கல்... கிராமத்தில் ஒரு பிரதி, தாலுகா ஆபீசில் ஒரு பிரதி. வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தியில் கணக்கைத் தணிக்கை செய்வார்கள். ஜூன் 30-ல் பசலி ஆண்டு முடியும். கணக்கு தப்பாமல் இருக்க நம்மவர்கள் கண்டுபிடித்த வழி அது.

1979-ல் தமிழகம் முழுக்க ஒரு பெரிய அப்கிரேட் ஆரம்பித்தது. நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். கிராமத்து ஜனங்கள் வாயில் 'யு.டி.ஆர்.'! வயல் வயலாகப் போய், யார் அனுபவத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்து, புதுக் கணக்கு எழுத வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால், பாதியில் ஒன்று நடந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. அது காலத்தின் தேவை. உச்ச நீதிமன்றமும் 1982-ல் அதை ஏற்றது. ஆனால் எந்த வரப்பு எந்தப் பங்காளிக்கு என்று மனப்பாடமாகத் தெரிந்த ஆள், ஏடு மாறிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குப் போய்விட்டார்.

1987-ல் திட்டம் முடிந்தது. அண்ணன் பெயர் ஏறி, தம்பி பெயர் விட்டுப்போன கணக்குகள் உண்டு. சர்வே எண் மாறிப்போனதும் உண்டு. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தப்பு அழகான எழுத்தில் அச்சாகி வந்தது! இன்றைக்கும் நிலத் தகராறு என்றால் வக்கீல் கேட்கிற முதல் கேள்வி, "யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு இருக்கா?" அதுதான் அந்தக் காலத்து பேக்கப்.

சரி, பேக்கப்பே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைக்கு ஏறுங்கள். 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை அது மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. கீழே ரயத்துவாரி முறையில் தலைமுறைகளாகப் பட்டா எழுதிக்கொண்டிருந்தபோது, மேலே தினை, சாமை விதைத்த மலையாளிப் பழங்குடியினர் பலரின் உழைப்பு எந்தச் சர்க்கார் ஏட்டிலும் ஏறவில்லை. உழுத காடு கண் முன்னால் இருக்கும்; காட்ட ஒரு காகிதம் இருக்காது. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2024-ல் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்தது.

தப்பாக எழுதப்பட்டவனுக்குத் திருத்த ஒரு மனுவாவது இருக்கிறது. எழுதப்படாதவன் எதைத் திருத்தச் சொல்வான்?

அடுத்த ஜமாபந்திக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே உங்கள் பட்டாவைப் பழைய பத்திரத்தோடு வைத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். சர்வர் மாறலாம், மாவட்டம் மாறலாம். பெயர் உங்களுடையதுதானா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.