பதுங்குதல் என்னும் பழி

வீட்டுக்கு விருந்தினர் வந்த சற்று நேரத்தில் பூனை காணாமற்போவதைப் பூனை வளர்ப்போர் அனைவரும் அறிவர். கட்டிலடி, பீரோவின் மேல்புறம், துணி மூட்டையின் இடுக்கு, சலவை இயந்திரத்தின் பின்பக்கம் என எங்கேனும் ஓரிடத்தில் அது மணிக்கணக்கில் அடங்கியிருக்கும். தேடிக் கண்டுபிடித்தவுடன் நாம் அதற்குச் சூட்டும் பெயர் 'கள்ளப் பூனை'. ஒளிந்திருப்பவன் குற்றம் செய்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்னும் மனித நீதியைப் பூனையின்மேல் ஏற்றிவிட்டோம். இந்தப் பழி எங்கிருந்து வந்தது? பூனை உண்மையில் அந்த இருட்டில் என்னதான் செய்கிறது? இவ்விரு வினாக்களையும் தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

புலி பதுங்கினால் பாய்வதற்கே என்று பெருமை பேசும் தமிழ், பூனை பதுங்கினால் 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்று ஏளனமாகக் கேட்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்து விலங்குகள். பதுங்கும் முறையும் ஒன்றே. உருவம் சிறிதானதால் ஒன்றுக்கு வீரமும் மற்றொன்றுக்கு வஞ்சகமும் பங்காகிவிட்டன போலும்! மாமல்லபுரத்தின் 7ஆம் நூற்றாண்டுப் பெரும்பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நம்பிக்கையோடு நிற்கும் எலிகளையும் காணாதவர் குறைவு. போலித் துறவியாகப் பூனை வேடமிடும் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலேயே இருக்கிறது. அதாவது பூனையின் அமைதியை நடிப்பாகப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலத்தது.

ஆனால் சங்கப் பாடல்களில் இந்தப் பழி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் வெருகை இரண்டு இடங்களில் கொண்டுவருகிறார். ஒன்றில் (139), மாலைப்பொழுதில் வேலியோரம் வெருகு வர, வீட்டுக் கோழி அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. மற்றொன்றில் (220), முல்லையின் அரும்புக்கு வெருகின் சிரிப்பே உவமை. அச்சமும் அழகும் உண்டு. கள்ளத்தனம் என்ற தீர்ப்பு இல்லை. அந்திக் கருக்கலில் வேலி நிழலில் நிற்பது அவ்விலங்கின் இயல்பு என்று கண்டதோடு நிறுத்திக்கொண்டார் அப்பெண்பாற்புலவர். வெருகைப் பூசை என்று வழங்கும் மரபைத் தொல்காப்பிய மரபியலும் ஏற்கிறது. விலங்கியல் நோக்கில் நம் காட்டுப்பூனையும் வீட்டுப்பூனையும் வேறு வேறு இனங்கள்தாம். எனினும் உறவு கண்டவர்கள் தவறாகக் காணவில்லை.

பூனைக்கு வாய்த்த ஒரே பெருமதிப்பு வைணவத்தில் கிடைத்தது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். இறைவனருளுக்கு முன்னதை உவமையாக்கினர் வடகலையார், பின்னதை உவமையாக்கினர் தென்கலையார். தென்கலை மரபின் பேராசாரியரான மணவாள மாமுனிகளின் ஊராகிய ஆழ்வார்திருநகரி இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. மார்ச்சார நியாயம் எனப்படும் அந்த உவமையின் பின்னுள்ள உயிரியல் சுவையானது. பிடரியைக் கவ்வியதும் குட்டி கைகால் தளர்ந்து அசைவற்றுப் போகிறது. அதனால்தான் தாய் அதைக் காயமின்றித் தூக்க முடிகிறது. எங்கே தூக்கிச் செல்கிறது? ஓர் இருட்டு மூலையிலிருந்து மற்றோர் இருட்டு மூலைக்கு. பூனை ஏழு வீடு மாற்றும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான். கண் திறவாத நாளிலேயே பூனை கற்கும் முதற் பாடம், ஒடுங்கிய இருட்டிடமே பாதுகாப்பு என்பதாகும்.

இந்தச் சிறு வேட்டைவிலங்கு மனிதனோடு சேர்ந்த வரலாற்றிலும் அந்த இருட்டு மூலைக்குப் பங்குண்டு. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகே புதைக்கப்பட்ட பூனை 2004இல் அறிவிக்கப்பட்டது. பூனைகள் இயற்கையாக இல்லாத தீவு அது. ஆகவே யாரோ படகில் ஏற்றிச் சென்றிருக்க வேண்டும். தானியம் சேர்ந்த இடத்தில் எலி சேர்ந்தது, எலி சேர்ந்த இடத்தில் பூனை சேர்ந்தது. மனிதன் கை நுழையாத இடுக்கில் பூனை நுழைந்தது என்பதே அதற்கு வீட்டில் இடம் கிடைத்ததன் காரணம்.

செங்கடல் துறைமுகமான பெரனிகே நமக்கு இன்னும் நெருக்கமானது. கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடும் கிரேக்கப் பயணநூலான பெரிப்ளூஸ் பெரனிகேயையும் குறிப்பிடுகிறது. அங்கே தமிழ்ப் பெயர் பொறித்த தமிழ்பிராமிப் பானையோடு கிடைத்தது. பெருஞ்சாடியொன்றில் 7 கிலோவுக்கும் மேற்பட்ட இந்திய மிளகு கிடைத்தது. அதே ஊரில் கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வளர்ப்பு விலங்குகளின் இடுகாடும் வெளிப்பட்டது. புதைக்கப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளில் பெரும்பாலானவை பூனைகள். சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டையும் மணிகளும் இருந்தன. 2017இல் வெளியான தொல்மரபணு ஆய்வொன்று, பெரனிகேப் பூனை ஒன்றிடம் ஆசியக் காட்டுப்பூனையின் தாய்வழி மரபைக் கண்டது. மிளகு சென்ற கடல்வழியில் பூனையும் சென்றிருக்கக்கூடும் என்று எண்ண இது இடந்தருகிறது. கப்பலின் அடித்தட்டில், மூட்டைகளுக்கிடையே, இருட்டில். (கருப்பெலியின் தாயகமும் இந்தியத் துணைக்கண்டமே என்பர். அதையும் ஏற்றுமதி செய்த பெருமை நமக்குண்டு!)

கொற்கையைக் கடல் கைவிட்டபின் தூத்துக்குடி தலையெடுத்தது. 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றி, இடையிடையே இழந்து பெற்று, 1825இல் ஆங்கிலேயரிடம் முடிவாக ஒப்படைத்தனர். பருத்தி, அரிசி, கருவாடு என்று சரக்கு குவிந்த ஊரில் கிட்டங்கிகள் பெருகின. கிட்டங்கிப் பூனையை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை. அதன் பதுங்கல் அங்கே குறையன்று, வேலை.

பதுங்கலுக்கு மற்றொரு முகமும் உண்டு. பூனை வேட்டையாடும் விலங்கு மட்டுமன்று, பெரிய விலங்குகளுக்கு இரையாகும் அளவுள்ள விலங்கும்கூட. முதுகுக்குச் சுவரும் முன்னால் ஒரு சிறு திறப்பும் இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் தாக்குதல் வராது. வருவதை முதலில் காணலாம். இதை அளந்து பார்த்தவர்கள், வேடிக்கையாக, அதே டச்சு நாட்டினர். யூட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் ஒளிந்துகொள்ளப் பெட்டி பெற்றவை, பெறாதவற்றைவிட விரைவில் பதற்றம் தணிந்தன. மூன்றாம் நாளிலேயே வேறுபாடு தெரிந்தது. ஒரு வெறும் அட்டைப்பெட்டி!

உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் பழைய ஓட்டுவீட்டைவிட்டு அடுக்ககத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அவர் வீட்டுப் பூனை மூன்று நாள் சலவை இயந்திரத்தின் பின்னாலிருந்து வரவில்லை. பழைய வீட்டை நினைத்து ஏங்குகிறது என்றார்கள் வீட்டார். நான்காம் நாள் புத்தகம் வந்த பெட்டி காலியாயிற்று. பூனை அதற்குள் குடியேறி, அங்கிருந்தபடியே புது வீட்டை ஆராயத் தொடங்கியது. ஓட்டுவீட்டில் பரண் இருந்தது, குதிரின் பின்புறம் இருந்தது, விறகடுக்கு இருந்தது. மொசைக் தரையும் நான்கு வெள்ளைச் சுவரும் கொண்ட வீட்டில் பூனைக்கு முதுகு சாய்க்க இடமில்லை.

வெப்பத்தையும் ஒரு காரணமாகச் சொல்வர். பூனையின் உடல் வருந்தாமல் தாங்கும் இதமான சூடு 30 முதல் 38 பாகை செல்சியஸ் வரை. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அது தானாகவே கிடைப்பதால், இக்காரணம் இங்கு அவ்வளவு பொருந்தாது. ஆனாலும் ஆறாத சாம்பலில் பூனை படுப்பது பழைய அடுப்படிக் காட்சி. 'அடுப்பில் பூனை உறங்குகிறது' என்றால் உலை வைக்க வழியில்லாத வீடு என்று பொருள். நெருப்பில்லாத நாளிலும் குழிந்த, மூன்று பக்கம் மறைந்த அந்த இடத்தைப் பூனை விடவில்லை என்பதையும் அத்தொடர் சொல்லிவிடுகிறது.

ஓசை வேறு விஷயம். மனிதச் செவி 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனைக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேலும் கேட்கும். தீபாவளி வெடியும், ஆகஸ்ட் 5இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவின் ஆரவாரமும் அதற்கு எப்படியிருக்கும் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். அப்போது பரணேறும் பூனையை வாலைப் பிடித்து இழுக்காமல் விட்டாலே போதும். ஊர் அடங்கியதும் பசியோடு இறங்கிவரும்.

இறங்கி வராத பூனைதான் கவலைக்குரியது. நோயுற்ற பூனை வலியைக் காட்டிக்கொள்ளாமல் ஒதுங்கும். நாமோ அதையும் கோபம் என்றும் கள்ளம் என்றும் படிக்கிறோம். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். உணவைத் தொடாமல், மணல் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கிவிட்டு, மறுபடியும் கட்டிலடிக்கே போய் ஒடுங்கும் பூனையை, கோபம் தணிந்து தானே வரட்டும் என்று விட்டுவைக்கக்கூடாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.