குதிரும் கணக்கும்

ஆடியில் அடிக்கிற காற்றை மார்கழிக்கு எடுத்து வைக்க முடியுமா? முடியும் என்றது தமிழ்நாடு மின்வாரியத்தின் கணக்குப் புத்தகம். காற்றாலை முதலாளி சீசனில் வாரியக் கம்பியில் விடுகிற மின்சாரத்தைத் தன் பெயரில் வரவு வைத்துக்கொண்டு, அதே நிதியாண்டுக்குள் தன் ஆலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நெடுங்காலம் இங்கே நடந்த ஏற்பாடு இது. இதற்குப் பேர் 'பேங்கிங்'.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு முதலில் சந்தேகம் வந்தது இந்தச் சொல்லின் மீதுதான். பேங்க் என்றால் பெட்டகம் வேண்டாமா? ஆடி மின்சாரம் அந்த நொடியிலேயே யார் வீட்டு ஃபேனிலோ சுற்றித் தீர்ந்துபோச்சு. மார்கழியில் வாரியம் தருவது நிலக்கரி எரித்தோ விலைக்கு வாங்கியோ கொண்டுவந்த வேறு மின்சாரம். காற்றாலைகள் பெருக இது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் சேமிக்கப்பட்டது மின்சாரமல்ல. அதன் மீதான உரிமை.

நிஜச் சேமிப்பும் நம்மிடம் உண்டு. 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது காடம்பாறை நிலையம். அதன் 400 மெகாவாட் எந்திரங்கள், மிஞ்சிய மின்சாரத்தால் மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவதற்கானவை. அங்கே சேமிப்பாவது உயரம். பாட்டரியில் சேமிப்பாவது வேதிமாற்றம்.

பாட்டரி பற்றிய இன்றைய பெருங்கதையாடலுக்கு ஒரு தொடக்கக் காட்சி உண்டு. 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுக்க இருண்டது. 2017 டிசம்பரில் ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளின் பக்கத்தில் டெஸ்லாவின் பாட்டரி இயங்கத் தொடங்கியது. 100 மெகாவாட் திறன், 129 மெகாவாட்-மணி கொள்ளளவு. முழு வேகத்தில் விட்டால் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதிலும் 70 மெகாவாட் அரசு ஒப்பந்தப்படி மின்கட்டமைப்பைத் தாங்கிப்பிடிக்க. மீதி 30 நியோவென் கம்பெனி விலை இறங்கும்போது நிரப்பி, ஏறும்போது விற்க.

இங்கேதான் நான் நிற்கிறேன். விலை ஏறட்டும் என்று நெல்லை வைத்திருப்பவனை நாம் சேமிப்பாளன் என்று சொன்னதில்லை, பதுக்கல்காரன் என்றோம். அதே குதிர், அதே நெல். சாவி யாரிடம், எப்போது திறக்கிறான் என்பதில்தான் சொல் மாறுகிறது.

இப்போது தமிழ்நாட்டிலும் பாட்டரிக்கு டெண்டர் விடுகிறார்கள். வரட்டும், வேண்டியதுதான். பகல் வெயிலை அது ராத்திரி விளக்குக்குக் கொண்டுபோகும். ஆடியை மார்கழிக்குக் கொண்டுபோகாது. அந்தப் பாக்கி கணக்குப் புத்தகத்திலேயே நிற்கும். எத்தனை மெகாவாட் என்று மட்டும் கேட்பவர்கள், சாவி யாரிடம் என்றும் கேட்க வேண்டும்.