சிவனொளிபாதமலை: யாத்திரைப் பாதைகளின் வரலாறு

சிவனொளிபாதமலை என்பது இலங்கையின் மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில், இரத்தினபுரி மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் சந்திக்குமிடத்தில், 2,243 மீட்டர் உயரத்துக்குக் கூம்பாக எழுந்து நிற்கும் யாத்திரைத் தலமாகும். உயரத்தில் இது நாட்டின் முதல் மலையன்று. 2,524 மீட்டர் உயரமான பிதுருதலாகலை உட்படப் பல சிகரங்கள் இதனை விஞ்சுகின்றன. ஆயினும் சூழவுள்ள தொடரிலிருந்து விலகித் தனித்து நிற்பதனால், மேற்குக் கரையை அணுகிய மாலுமிகளுக்குத் தீவின் அடையாளமாகக் கடலிலிருந்தே தென்பட்டது இம்மலைதான். உச்சிப் பாறையில் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுள்ள பாதவடிவப் பள்ளமொன்று உண்டு. அதனைப் பௌத்தர் புத்தரின் பாதமாகவும், சைவர் சிவபெருமானின் பாதமாகவும், இஸ்லாமியர் சுவர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபியின் அடிச்சுவடாகவும் போற்ற, போர்த்துக்கேயர் காலத்துக் கிறித்தவருள் சிலர் புனித தோமாவோடு தொடர்புபடுத்தினர். அப்பாதம் யாருடையது என்ற வினாவுக்கே நூல்கள் பலவும் இடம் ஒதுக்கியுள்ளன. ஆனால் வரலாற்றாய்வாளருக்குக் கிடைக்கும் உறுதியான சான்றுகளில் பெரும்பாலானவை அப்பாதத்தை அடையும் வழியைப் பற்றியவையே.

புத்தர் மூன்றாம் முறை இலங்கைக்கு வந்தபோது சுமனகூடத்தில் தம் அடியைப் பதித்தார் என்று மகாவம்சம் கூறுகிறது. மலைக்குரிய தெய்வமான சுமனன், பிற்காலத்தில் சமன் தெய்வம் என்ற பெயரில், வெள்ளை யானையோடு காட்டப்படும் காவல் தெய்வமாக நிலைபெற்றான். தமிழ்ப் பௌத்த காப்பியமான மணிமேகலையும் இரத்தின தீவத்துச் சமந்தமலை உச்சியிலுள்ள புத்தரின் அடியிணையைக் குறிப்பிடுவதால், இத்தலத்தின் புகழ் கடல் கடந்து தமிழ்நாட்டுப் பௌத்தரிடையேயும் பரவியிருந்தமை புலனாகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் தங்கிய சீனத் துறவி பாகியன், புத்தர் ஒரு காலைத் தலைநகரின் வடக்கிலும் மறுகாலை ஒரு மலையுச்சியிலும் பதித்தார் என்ற மரபைப் பதிவு செய்தார். 851ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட அரபு வணிகர் குறிப்புகளிலோ மலையின் மீது ஆதமின் ஒரு பாதமும், கடலில் மறு பாதமும் உள்ளதாகச் செய்தி வருகிறது. இவர்கள் அனைவரும் பாதத்தைப் பற்றிக் கேட்டவற்றை எழுதினரே தவிர, மலையேறிய விதத்தைக் கூறவில்லை.

பாதையின் வரலாறு சோழரிடமிருந்து பொலன்னறுவையைக் கைப்பற்றிய முதலாம் விஜயபாகுவின் (1055–1110) காலத்தில் தெளிவு பெறுகிறது. அம்பகமுவையிலுள்ள அம்மன்னனின் பாறைக் கல்வெட்டு, வெவ்வேறு வழிகளில் வரும் யாத்திரிகர்களுக்கு உணவளிப்பதற்காகக் கிலிமலை முதலிய ஊர்களின் வருவாய் ஒதுக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. தாழ்ந்த குலத்தவராகக் கருதப்பட்டோர் நின்று வணங்குவதற்குப் பாதத்தின் தளத்துக்குக் கீழே தனித் தளம் அமைக்கப்பட்டதும் அதே கல்வெட்டால் அறியப்படுவதால், மலையேறியவர்கள் ஊரில் நிலவிய வேற்றுமைகளையும் உடன் சுமந்தே ஏறினர் என்பதும் வெளிப்படுகிறது. பின்னர் நிசங்கமல்லன் (1187–1196) படை பரிவாரத்தோடு வந்து வணங்கி, உச்சியை அடுத்த குகையில் கல்வெட்டுப் பொறித்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில், இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவபதிராசன் கம்பளையிலிருந்து மலைவரை வழியைச் செப்பனிட்டு, ஆறுகளுக்குப் பாலங்களும் இடையிடையே அம்பலங்களும், அதாவது வழிப்போக்கர் தங்கும் மண்டபங்களும், கட்டுவித்த செய்தியைச் சூளவம்சம் விரித்துரைக்கிறது. பெருமழையில் சிற்றோடைகளும் கடக்கமுடியாத வெள்ளமாகிவிடும் அந்நிலத்தில், உச்சியில் கட்டப்படும் எந்த மண்டபத்தைவிடவும் ஒரு பாலமே பயன் மிகுந்த தானமாக இருந்திருக்கும்.

ஏறும் வழியைக் கண்ணால் கண்டு விரிவாக எழுதியவருள் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா முதன்மையானவர். 1344ஆம் ஆண்டு புத்தளத்தை அடைந்த அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி, ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் வழக்கமுடைய நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், தம் ஆட்கள் பத்துப் பேரையும், சுமைதூக்குவோர் பதினைவரையும் துணையாக அனுப்பினான். முஸ்லிம் பயணி ஒருவர் தமிழ் மன்னனின் உதவியுடன், இந்துத் துறவிகள் வழிகாட்ட, பௌத்த நாட்டின் மலையை ஏறிய இந்நிகழ்ச்சி, இத்தலத்தின் இடைக்கால இயல்பை எந்த விளக்கத்தினும் நன்கு உணர்த்துகிறது. மலைக்கு ஆதமின் பெயரால் ‘பாபா’ வழி, ஏவாளின் பெயரால் ‘மாமா’ வழி என இரு வழிகள் இருந்தன என்றும், இரண்டாவது எளிதாகையால் இறங்குவதற்கே உரியது, அதன் வழியே ஏறியவர் யாத்திரை செய்தவராக மதிக்கப்படுவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். செங்குத்தான பாறையில் பிடித்தேறுவதற்காகப் பத்து இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தன. பத்தாவதைப் பற்றிக்கொண்டு கீழே நோக்குபவர் விழுந்துவிடுவோமென்ற அச்சத்தில் கலிமாவை ஓதுவதால் அது கலிமாச் சங்கிலி எனப்பட்டது. பாதத்தருகே பாறையில் வெட்டப்பட்ட குழிகளில் பொன்னும் மணியும் காணிக்கையாக இடப்பட்டன என்றும், பெருவிரல் இருந்த பகுதியைச் சீனர் முற்காலத்தில் வெட்டியெடுத்துத் தம் நாட்டுக் கோயிலில் வைத்தனர் என்றும் அவர் தரும் செய்திகளுள் பின்னது, நம்பத்தக்கதோ இல்லையோ, மலையின் புகழ் எட்டிய தொலைவுக்கு அளவுகோலாகும்.

பதினாறாம் நூற்றாண்டில் மலையின் உரிமை கைமாறியது. சீதாவாக்கையை ஆண்டு 1593இல் இறந்த முதலாம் இராஜசிங்கன், தந்தையைக் கொன்ற பாவத்துக்குக் கழுவாயில்லை என்று பிக்குகள் கூறியதால் சைவத்தைத் தழுவி, மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான் என்று சூளவம்சம் சொல்கிறது. அவன்மீது பகை கொண்டவர் எழுதிய வரலாறாகையால் காரணத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும், சைவத் துறவிகள் நெடுங்காலம் மலையை நிருவகித்தனர் என்பதில் ஐயமில்லை. கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் (1747–1782), நாயக்க வமிசத்தவனாயினும், அதனை மீண்டும் பௌத்த சங்கத்துக்கு, வெலிவிட்ட சரணங்கர தேரரின் வழிவந்தோருக்கு, வழங்கினான்.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமான சில வாரங்களிலேயே ஆங்கிலேய அதிகாரியொருவர் உச்சியை அடைந்தார். 1817இல் ஏறிய படை மருத்துவர் ஜோன் டேவி, உச்சியில் வழிபாடு முடிந்ததும் மனைவியர் கணவரையும், பிள்ளைகள் பெற்றோரையும் வணங்கி, உறவினரும் நண்பரும் வெற்றிலை மாற்றிக்கொண்டதை விவரித்துள்ளார். ஆனால் ஆங்கிலேயர் காலத்தின் பெருமாற்றம் வேறிடத்தில் நேர்ந்தது. அதுவரை முதன்மை பெற்றிருந்தது இரத்தினபுரியிலிருந்து கிலிமலை, பலாபத்தல வழியாகச் செல்லும் நீண்ட பாதை. மலையின் வடபுறக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பியும், 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி வீழ்ந்தபின் தேயிலையும் பயிரிடப்பட்டபோது, தோட்டத் தெருக்கள் மலையடிவாரம் வரை நீண்டன. 1884இல் புகையிரதம் ஹற்றனை எட்டியதும், பல நாள் நடை ஓரிரவு ஏற்றமாகச் சுருங்கியது. தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழர், மஸ்கெலியாவிலும் நல்லதண்ணியிலும் மலையின் அண்டை வீட்டாராயினர். 1960களின் இறுதியில் எழுந்த மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகர் மூழ்கிவிட, நீர்மட்டம் தாழும் காலங்களில் அதன் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இன்றும் வெளித்தோன்றுகின்றன. மலைக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலைத்தொடரில் 1974 டிசம்பர் 4 அன்று விமானமொன்று மோதி அதிலிருந்த 191 பேரும் உயிரிழந்தனர். அவர்களுள் 182 பேர் மக்காவுக்குச் சென்றுகொண்டிருந்த இந்தோனேசிய ஹஜ் பயணிகள் என்பது கொடிய தற்செயல்.

யாத்திரைப் பருவகாலம் டிசம்பர் மாத உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் நிறைவடைகிறது. எஞ்சிய மாதங்களில் பருவமழையும் காற்றும் மிகுவதால், பெல்மதுளை விகாரையிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவரப்படும் சமன் தெய்வச் சிலை மீண்டும் அங்கேயே கொண்டுசெல்லப்படும். நல்லதண்ணிப் பாதை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நீளமும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளும் உடையது. சூரியோதயத்துக்கு முன் உச்சியை அடையும் பொருட்டுப் பெரும்பாலோர் நள்ளிரவிலேயே புறப்படுவர். சீதகங்குல என்ற ஓடையில் நீராடியோ முகம் கழுவியோ செல்வதும், ஊசிமலை எனப்படும் இந்திகட்டுபானவில் ஊசியில் கோத்த நூலை வழிநெடுக இழுத்துச் செல்வதும், எத்தனையாவது முறை ஏறுகிறாரோ அத்தனை தடவை உச்சியில் மணியடிப்பதும் மரபு. விடியலில் மேற்கே பனிமூட்டத்தின்மேல் விழும் மலைநிழல் பிசிறில்லாத முக்கோணமாகத் தோன்றும். பல கிலோமீட்டர் நீளும் நிழல் தொலைவில் குறுகித் தெரியும் பார்வை விளைவே இதற்குக் காரணமாகையால், வேறு வடிவமுடைய மலைகளின் நிழலும் உச்சியிலிருந்து நோக்குவோருக்கு இவ்வாறே தோற்றமளிக்கும்.

மலையைச் சூழ்ந்த காடு 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. களனி, களு, வளவை ஆறுகளுக்கு நீரூட்டும் ஓடைகள் பலவும் இக்காட்டில் தோன்றுவதால், பருவகாலத்தில் பாதையோரம் குவியும் பிளாஸ்திக் கழிவு மலையோடு நின்றுவிடும் சிக்கலன்று. குருவிட்டையிலிருந்து எரத்ன வழியாகவும் பலாபத்தல வழியாகவும் ஏறும் பழைய பாதைகள் நீளமும் அட்டைத் தொல்லையும் மிக்கவையாகையால் நெரிசல் குறைந்தவை. விஜயபாகு மானியமளித்த கிலிமலை அமைந்திருப்பதும் அந்த இரத்தினபுரிப் பக்கத்திலேயே.