எட்டு பிட் பாணியின் மறுவருகை: ஷவல் நைட்டும் அதன் முன்னோரும்

திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடி, பள்ளங்களைத் தாண்டி, மேடைக்கு மேடை தாவி, எதிர்ப்படும் பகைவரை வீழ்த்தி முன்னேறும் வீடியோ கேம் வகையை ஆக்‌ஷன் பிளாட்ஃபார்மர் என்பர். 1980களில் செழித்திருந்த இவ்வகை, 1990களின் நடுவில் முப்பரிமாண ஆட்டங்கள் வந்தபின் பின்னுக்குப் போயிற்று. பின்னர் 2000களின் பிற்பகுதியில் மீண்டும் தலைகாட்டியது. கணினிகள் பல மடங்கு வலிமை பெற்றுவிட்ட காலத்தில், கட்டம் கட்டமான அதே உருவங்களோடும் கீச்சொலி இசையோடும் அது திரும்பி வந்ததுதான் வியப்பு.

சிறுவயது நினைவுதான் காரணம் என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். அந்த விடை எனக்குப் போதவில்லை. பழைய கருவியைக் கண்ணால்கூடப் பார்த்திராத என் பேரன், இந்த ஆட்டங்களில் ஒன்றை விடுமுறை முழுதும் ஆடினான். இல்லாத நினைவுக்கு அவன் ஏங்கியிருக்க முடியாது.

பழைய கருவியின் எல்லைகள்

1981இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘டாங்கி காங்’ நாணயம் போட்டு ஆடும் எந்திரங்களில் வெளிவந்தது. அதை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோ தம் நாயகனுக்குத் தொப்பியும் மீசையும் வைத்தார். அத்தனை சிறிய உருவத்தில் தலைமுடியையும் வாயையும் தெளிவாக வரைவது கடினம் என்பதே அதற்குக் காரணம். பிற்காலத்தில் மாரியோ என்று உலகம் அறிந்த முகம் இப்படித்தான் பிறந்தது.

1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வீட்டுக் கருவி வெளியானது. அமெரிக்காவில் அது 1985இல் என்.இ.எஸ். என்ற பெயரில் வந்தது. அதன் வேலை நினைவகம் 2 கிலோபைட். திரை 256க்கு 240 படப்புள்ளிகள் கொண்டது. ஸ்பிரைட் எனப்படும் நகரும் உருவத்துண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறங்களே கிடைத்தன. ஒரே கிடைவரியில் எட்டு ஸ்பிரைட்டுகளுக்கு மேல் காட்ட அக்கருவியால் இயலாது. பகைவர் கூட்டம் ஒரே வரியில் சேர்ந்துவிட்டால் உருவங்கள் மாறிமாறி மறைந்து மினுக்கும். இசைக்கு ஐந்து ஒலித்தடங்கள் மட்டுமே.

1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. இடம் போதாததால் அதில் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே வடிவத்தையே பயன்படுத்தினார்கள். நிறம் மட்டும் வேறு. ஆடிய பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்!

நம் ஊரிலும் 1990களில் இக்கருவியின் நகல்கள் ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்றன. கேசட்டைச் செருகி ‘மாரியோ’, ‘காண்ட்ரா’ ஆடிய தலைமுறைக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். தேர்வு நேரத்தில் பெற்றோர் அதன் அடாப்டரை ஒளித்துவைத்த கதைகளை வகுப்பில் நிறையக் கேட்டிருக்கிறேன். அன்று நானும் பெற்றோர் பக்கம்தான்.

மீட்சியின் தொடக்கம்

2004இல் ஜப்பானைச் சேர்ந்த டைசுகே அமாயா ‘கேவ் ஸ்டோரி’ என்ற ஆட்டத்தை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஓய்வு நேரத்தில் தனியொருவராக அவர் உருவாக்கியது அது. எளிய பாணியின் பெரிய நன்மை இங்கே தெரிகிறது. முப்பரிமாண ஆட்டத்துக்குப் பெரும் பணியாளர் படை வேண்டும். இதற்கு ஒருவரின் பொறுமை போதும்.

2008இல் கேப்காம் நிறுவனம் ‘மெகா மேன் 9’ வெளியிட்டது. 1987இல் தொடங்கிய அந்த வரிசையின் புதிய ஆட்டத்தை வேண்டுமென்றே எட்டு பிட் தோற்றத்தில் செய்திருந்தார்கள். பழைய கருவியின் மினுக்கலையும் தடுமாற்றத்தையும்கூட விரும்பினால் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் பொறியாளர்களை வாட்டிய குறை, இங்கே விருப்பத்தேர்வாக மாறியது.

ஷவல் நைட்

இப்பாணியின் சிறந்த சான்றாக நான் கருதுவது அமெரிக்காவின் யாட் கிளப் கேம்ஸ் உருவாக்கிய ‘ஷவல் நைட்’. 2013இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் 75,000 டாலர் கேட்டார்கள். 3 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2014 ஜூனில் ஆட்டம் வெளிவந்தது.

நாயகன் மண்வெட்டி ஏந்திய ஒரு வீரன். மண்வெட்டியைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பகைவர் தலைமேல் குதித்தால் மேலே எகிறலாம். 1989இல் வந்த ‘டக் டேல்ஸ்’ ஆட்டத்தில் வயதான வாத்து தன் கைத்தடியால் செய்த வித்தையே இது. இசையை ஜேக் காஃப்மன் அமைத்தார். முதல் ‘மெகா மேன்’ ஆட்டத்துக்கு இசையமைத்த மனாமி மாட்சுமாயே இதற்கும் இரண்டு பாடல்கள் தந்தார். கால் நூற்றாண்டு இடைவெளியில் ஒரே கை இரு காலங்களையும் தொட்டது.

ஆயினும் இதை நகல் என்று சொல்ல இயலாது. திரை அகலமானது, பழைய தொலைக்காட்சியின் சதுர அளவில் இல்லை. மினுக்கல் அறவே கிடையாது. பழைய நிறத்தொகுதியில் இல்லாத சில நிறங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பின்னணிக் காட்சிகள் பல அடுக்குகளாக வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன.

இன்னொரு முக்கிய மாற்றம் தோல்வி பற்றியது. பழைய ஆட்டங்களில் ‘மூன்று உயிர்’ என்ற கணக்கு இருந்தது. அது நாணய எந்திரத்தின் மிச்சம்: ஆடுபவர் விரைவில் தோற்றால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக் கருவிக்கு அந்தத் தேவை இல்லாதபோதும் வழக்கம் தொடர்ந்தது. ‘ஷவல் நைட்’ உயிர்க்கணக்கை நீக்கியது. தோற்றால் சேர்த்த பொன்னில் ஒரு பகுதி பைகளாக அவ்விடத்திலேயே மிதக்கும், திரும்பிவந்து எடுத்துக்கொள்ளலாம். வழியில் உள்ள கண்ணாடி உருண்டைகள், தோற்றால் மீண்டும் தொடங்கும் இடங்கள். அவற்றை உடைத்தால் பொன் கிடைக்கும், ஆனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எவ்வளவு கடினம் வேண்டும் என்பதை ஆடுபவரே முடிவு செய்கிறார். ஆசிரியராக இருந்தவனுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது.

கதையும் சிறியதே. நாயகன் தன் தோழியான ஷீல்ட் நைட்டை இழந்திருக்கிறான். சில கட்டங்களுக்குப் பின் தீ மூட்டி அதனருகே உறங்குகிறான். கனவில் பகைவரோடு போரிடும்போதே அவள் வானிலிருந்து விழுகிறாள். ஓடிச்சென்று பிடிக்க வேண்டும். அந்த ஓட்டத்தை ஆடுபவரின் விரலே செய்வதால், சில படப்புள்ளிகளால் ஆன முகமற்ற உருவத்தின் துயரம் நமக்கும் வந்துவிடுகிறது.

மன்னிக்கும் விதிகள்

2018இல் வந்த ‘செலஸ்டி’ ஆட்டம் மேலும் ஒரு படி சென்றது. மேடி தார்சன், நோயல் பெர்ரி இருவரும் 2015இல் நான்கே நாளில் செய்த சிற்றாட்டம் இதன் வித்து. மலையேறும் ஓர் இளம்பெண்ணின் மனப்பதற்றமே கதை. ஆட்டம் மிகக் கடினம், ஆனால் அதன் விதிகள் இரகசியமாக இரக்கம் காட்டுகின்றன. விளிம்பைத் தாண்டிய பின்னும் நொடியின் சிறு பகுதிக்குள் பொத்தானை அழுத்தினால் தாவல் ஏற்கப்படும். கார்ட்டூனில் பாறையைத் தாண்டி ஓடி அந்தரத்தில் நிற்கும் ஓநாயை நினைத்து இதைக் ‘கயோட்டி நேரம்’ என்கிறார்கள். தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால் உருவம் சற்று விலக்கிவிடப்படும். ஆடுபவருக்கு இவை தெரிவதில்லை. தன் திறமை வளர்கிறது என்றே உணர்கிறார்.

பேரன் போன்றோரை ஈர்ப்பது இந்தத் தெளிவுதான் என்பது என் கருத்து. எது மேடை, எது முள், எது பகை என்பது பார்த்தவுடன் புரிகிறது. தவறு நேர்ந்தால் யாருடையது என்பதும் உடனே தெரிகிறது. மறுமுயற்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்று நாம் காணும் கூர்மையான கட்டங்கள் அன்றைய பிள்ளைகள் கண்டவையும் அல்ல. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் படப்புள்ளிகளின் ஓரம் மங்கிக் கலந்து தெரிந்தது. பழமை என்று இளையோர் விரும்புவது பெரும்பாலும் இக்காலம் தீட்டிய படம்.

மூலங்களின் நிலையோ கவலைக்குரியது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கண்டறிந்தது. இணையக் கடைகளும் நிலையானவை அல்ல. ‘மெகா மேன் 9’ விற்ற வீ கருவியின் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. ‘ஷவல் நைட்’ முதலில் வெளியான வீ யூ, 3டிஎஸ் கருவிகளின் கடைகள் 2023 மார்ச்சில் மூடின. இரண்டு ஆட்டங்களும் வேறு கருவிகளுக்கு மாற்றப்பட்டதால் இன்றும் கிடைக்கின்றன.