ஜாவாவின் கமெலானும் மேற்கின் கச்சேரி மேடையும்

வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிரமசலா’ 1572 இல் அரங்கேறியது. நபிகளாரிடம் (ஸல்) அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்ட கேள்விகளே அதன் பொருள். அதே கேள்விகளை ஜாவாக்காரரும் ‘சமூத்’ என்ற பெயரில் தம் மொழியில் பாடி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஜாவா நமக்கு அந்நியமான ஊரல்ல. அந்த ஊரின் இசை மேற்கத்திய மேடைக்குப் போன வரலாற்றையும் நாம் அறிந்திருப்பது நல்லது.

கமெலான் என்பது தனியொரு வாத்தியத்தின் பெயரல்ல. வெண்கலப் பலகைகள், தொங்கும் பெருந்தட்டுகள், முரசு என்று பல கருவிகள் சேர்ந்த தொகுதி அது. ஐந்து சுரம் கொண்ட ‘ஸ்லெந்த்ரோ’, ஏழு சுரம் கொண்ட ‘பெலோக்’ என இரண்டு சுர முறைகள் உண்டு. ஒவ்வொரு தொகுதிக்கும் தனிச் சுருதி. ஒரு தொகுதியின் கருவியை இன்னொன்றில் கொண்டுபோய் வைத்தால் ஒட்டாது.

யோக்யகர்த்தாவில் மௌலூது காலத்தில் அரண்மனையின் இரு தொகுதிகள் பெரிய பள்ளிவாசல் முற்றத்துக்குக் கொண்டுவரப்படும். வியாழன் இரவு முதல் ஜும்ஆ முடியும்வரை அவற்றில் கை வைக்க மாட்டார்கள். விழாவின் பெயர் ‘ஸெகாத்தேன்’. ‘ஷஹாததைன்’ என்பதே அப்படித் திரிந்தது என்று அங்குள்ளவங்க சொல்லுவாங்க.

1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒல்லாந்தர் ஒரு ஜாவாக் கிராமத்தையே கட்டிக் காட்டினர. அங்கு வாசித்தவர்கள் மேற்கு ஜாவாவின் பராகான் சாலாக் தேயிலைத் தோட்டத்திலிருந்து போனவர்கள். கேட்டு மயங்கியவர்களில் ஒருவர் பிரெஞ்சு இசைஞர் டெபுஸ்ஸி. 1903 இல் அவர் எழுதிய ‘பகோட்’ என்ற பியானோ ஆக்கத்தில் அந்த ஒலியின் சாயல் இருக்கிறது. அழகான ஆக்கம்தான். ஆனால் பியானோவின் பன்னிரண்டு சுரத்துக்குள் கமெலானின் சாயல்தான் அடங்கும், சுருதி அடங்காது. டெபுஸ்ஸியின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். அந்தத் தோட்டத்து மனுசர்ட பெயர் யாருக்குத் தெரியும்?

அமெரிக்க இசைஞர் லூ ஹாரிசன் 1970களில் வேறு வழியில் போனார். யோக்யகர்த்தாவின் பாக்கு ஆலாமன் அரண்மனை இசைத் தலைவராக இருந்து, பின்பு கலிபோர்னியாவில் கற்பித்த பாக் சொக்ரோவிடம் மாணவராக உட்கார்ந்தார். அந்த ஆசிரியரின் தலைமையில் பதிவான இசைதான் 1977 இல் வொயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் ஏறிப் போனது. ஹாரிசன் 1987 இல் பியானோவுக்கும் கமெலானுக்குமாக ஓர் ஆக்கம் எழுதினார். அதற்காகப் பியானோவின் தந்திகளைக் கமெலானின் சுருதிக்கு மாற்றிக் கட்டினார்கள்.

நம்மட கரையிலும் றபான் இருக்கிறது, களிகம்பு இருக்கிறது, பொல்லடி இருக்கிறது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் பாவாமாரின் றபான் ஒலி கேளாதவர் குறைவு. இசை பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. ஆனால் றபானைக் கீபோர்டோடு சேர்த்து மேடையேற்ற விரும்பும் ஆசிரியர்கள் முதலில் ஒரு பாவாவிடமோ அண்ணாவியாரிடமோ போய் உட்கார வேண்டும். தோலுக்குச் சூடு காட்டிப் பதம் பார்ப்பதிலிருந்து படிக்க வேண்டும். கற்ற அடிகளை, கற்பித்தவரின் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். கீபோர்டை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.