உடல் பருமன் அறுவைக்குப் பின் வலி நிவாரணம்: தடை மட்டும் போதுமா?

1. பிரச்சினை

உடல் பருமனுக்காக வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் தலைவலி வரும், பல்வலி வரும், மாதவிடாய் வலி வரும். மூட்டுவலியைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். முழங்கால் வலி தாளாமல்தான் பலர் அறுவைக்கே ஒப்புக்கொள்கிறார்கள். எடை இறங்கினால் அந்த வலி தணியும் என்பது உண்மைதான். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று மெஸ்ஸியர் குழுவினர் 2005இல் காட்டினர். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த குருத்தெலும்பு எடை குறைந்ததற்காகத் திரும்ப வளர்ந்துவிடாது. வலி மாத்திரையின் தேவை அறுவைக்குப் பிறகும் தொடர்கிறது.

அமெரிக்காவின் உடல் பருமன் அறுவை மருத்துவர் சங்கமும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதற்கு இரண்டு அறிவுரைகளைத் தருகின்றன. முதலாவது: ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி எதிர்ப்பு வலி மருந்துகளை இயன்றவரை முற்றிலும் தவிர்க்க வேண்டும். இரண்டாவது: மாற்று வலி மருந்து எது என்பதை அறுவைக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நடைமுறையில் முதல் அறிவுரை ஒரு தடையாக நோயாளியிடம் போய்ச் சேர்கிறது. இரண்டாவது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. தடையை மட்டும் சொல்லி மாற்றைச் சொல்லாமல் விடும் அறிவுரை தோற்றே தீரும் என்பதும், அத்தோல்விக்கான பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டுவது தவறு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. வயிற்றில் நேரும் மாற்றம்

எல்லா அறுவையும் ஒன்றல்ல. மேசனும் இட்டோவும் 1960களில் தொடங்கிவைத்த இரைப்பை மாற்றுவழி அறுவையில் (பைபாஸ்) இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்தெடுத்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைக்கிறார்கள். எஞ்சிய இரைப்பை உடலுக்குள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அதன் வழியாகப் போகாது. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கப்படுகிறது. மீதி ஒரு குழாய்போல நிற்கும். உணவு செல்லும் பாதை மாறுவதில்லை, புதிய இணைப்பும் இல்லை.

பைபாஸின் பலவீனமான இடம் அந்தப் புதிய இணைப்புதான். இயல்பான உடலில் இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தை முதலில் எதிர்கொள்வது முன்சிறுகுடல். அதன் சுவரில் உள்ள புருன்னர் சுரப்பிகள் காரத்தன்மை கொண்ட சளியைச் சுரந்து அமிலத்தின் வேகத்தை அடக்குகின்றன. பைபாஸில் அமிலம் நேராகச் சென்று படுவது அத்தகைய காப்பு இல்லாத நடுச்சிறுகுடலின் மேல். இணைப்பின் குடல் பக்க விளிம்பில் உண்டாகும் புண்ணுக்கு இணைப்பு விளிம்புப் புண் என்று பெயர். இது எத்தனை பேருக்கு வருகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதிலிருந்து 16 விழுக்காடு வரை கணக்குகள் உள்ளன. புகைபிடித்தல், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவை அதற்கான காரணிகள். அழற்சி எதிர்ப்பு வலி மருந்து அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்கிறது. மற்ற காரணிகளோடு ஒப்பிட்டால், நினைத்த மாத்திரத்தில் தவிர்க்கக்கூடியதும் அதுதான்.

இந்தப் புண் ஓட்டையாகி வயிற்றுக்குள் திறந்துகொண்டால் அவசர அறுவைதான் வழி. ஒதுக்கப்பட்ட பழைய இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் வந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். வாய்வழி செலுத்தும் வழக்கமான எண்டோஸ்கோப்பி அங்கே எட்டாது.

3. மூன்று நம்பிக்கைகள்

வலி மாத்திரை வயிற்றைக் கெடுக்கும் என்பது ஊரறிந்த செய்தி. அதற்கு மக்கள் கைக்கொள்ளும் காப்பு மூன்று: சாப்பிட்டுவிட்டுப் போடுவது, மாத்திரைக்குப் பதிலாக ஊசி போட்டுக்கொள்வது, கூடவே ஒரு கேஸ் மாத்திரை சேர்த்துக்கொள்வது. மூன்றும் ஒரே தவறான அனுமானத்திலிருந்து பிறக்கின்றன. மருந்து வயிற்றுச் சுவரைத் தொடுவதால்தான் புண் வருகிறது என்பதே அந்த அனுமானம்.

1971இல் ஜான் வேன் கண்டறிந்தது வேறு. ஆஸ்பிரினும் அதன் இனத்து மருந்துகளும் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதையே தடுக்கின்றன. இக்கண்டுபிடிப்புக்காக 1982இல் பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன் ஆகியோரோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலியையும் வீக்கத்தையும் தூண்டுவது புரோஸ்டாகிளாண்டின். இரைப்பை, குடல் சுவரின் சளிப்படலத்தையும் இரத்த ஓட்டத்தையும் காப்பதும் அதுவே. மருந்து இரத்தத்தில் கலந்த பிறகு இரண்டையும் சேர்த்தே அடக்குகிறது. ஆகவே அது வாய்வழி வந்ததா, இடுப்பில் ஊசியாக வந்ததா, ஆசனவாய் வழியே வந்ததா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்காது. சாப்பாடு நேரடி எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கலாம், இரத்தத்தின் வழியே வரும் கேட்டைத் தணிக்காது.

மூன்றாவது காப்புக்கு மட்டும் ஓரளவு அடிப்படை உண்டு. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து புண் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. அறுவைக்குப் பிறகு சில மாதங்களுக்கு அதைத் தருவதும் இதற்காகவே. ஆனால் அது இணைப்பில் அமிலத்தை மட்டும் குறைக்கும், குறைந்துபோன இரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாது. அமிலம் பெரிதாக இல்லாத சிறுகுடலின் பிற பகுதிகளில் வலி மருந்து உண்டாக்கும் காயங்களுக்கும் அதனால் காப்பு இல்லை. அம்மருந்தே இந்த மாறிய உடலில் வேறு விதமாக வேலை செய்கிறது. இணைப்பு விளிம்புப் புண் வந்தவர்களிடம் 2017இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, காப்ஸ்யூலைத் திறந்து உள்ளிருக்கும் மருந்தைக் கொடுத்தபோது புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 91 நாள் என்றும், முழு காப்ஸ்யூலாக விழுங்கியபோது 342 நாள் என்றும் கண்டது. சிறு பையில் காப்ஸ்யூல் கரையப் போதிய நேரம் கிடைப்பதில்லை. கேஸ் மாத்திரையை நம்பி வலி மாத்திரை போடுகிறவர், காப்பு மருந்தே முழுதாகச் சேராத வயிற்றில் அந்த நம்பிக்கையை வைக்கிறார்.

4. எதிர்வாதம்

முழுத் தடை தேவையா என்ற கேள்வியை ஆய்வுலகமே எழுப்பியிருக்கிறது. ஸ்வீடனின் நாடு தழுவிய பதிவேடுகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் 30 நாளும் அதற்கு மேலும் தொடர்ந்து இம்மருந்துகளை எடுத்தபோது புண் வரும் வாய்ப்பு கூடியது. குறுகிய காலப் பயன்பாட்டில் அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை. ஸ்லீவ் செய்துகொண்டவர்களிடமும் ஏற்றம் காணப்படவில்லை. அறுவை நடந்த நாள்களில் மருத்துவமனைக்குள்ளேயே, ஓபியாய்டு மருந்துகளைக் குறைப்பதற்காக, இவ்வகை மருந்தைக் குறைந்த அளவில் செலுத்தும் அறுவைக் குழுக்களும் உண்டு.

இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஸ்லீவ் செய்தவரையும் பைபாஸ் செய்தவரையும் ஒரே கோலால் அளக்கும் அறிவுரை அறிவியலுக்குப் பொருந்துவதில்லை. தேவைக்கு மேல் கடுமையான விதியை மக்கள் விரைவில் கைவிட்டுவிடுவார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஸ்வீடனின் மருந்துப் பதிவேடு மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்கிய மருந்துகளையே கணக்கில் வைக்கிறது. கடையில் தாமாக வாங்கிப் போட்டவை அதில் ஏறுவதில்லை. நாம் பேசும் சிக்கலோ அந்தக் கணக்கில் ஏறாத மாத்திரைகளைப் பற்றியது. அடுத்து, குறுகிய காலம் என்பதை மருத்துவமனையில் செவிலியர் கணக்கு வைக்கிறார். வீட்டில் அதை யார் வைப்பது? மூன்று நாள் பல்வலி, இரண்டு நாள் மாதவிடாய் வலி, மாதம் முழுக்க மூட்டுவலி என்று சேர்ந்தால் 30 நாள் தானே ஆகிவிடும். ஸ்லீவ் செய்தவரும், நெஞ்செரிச்சல் முற்றி, பின்னாளில் பைபாஸுக்கு மாற வேண்டிவரலாம். ஆகவே பைபாஸுக்குக் கண்டிப்பான தவிர்ப்பு, ஸ்லீவுக்கு மருத்துவர் கண்காணிப்பில் அளவான பயன்பாடு என்ற வேறுபாடே சரியான நிலை.

5. மெடிக்கல் கடை என்னும் களம்

இந்தியாவில் கடையில் தாமாக வாங்கத்தக்க மருந்துகள் என்று தெளிவாக வரையறுத்த தனிப் பட்டியல் சட்டத்தில் நெடுங்காலமாக இல்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணையில் டைக்ளோஃபெனாக் இருக்கிறது. சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது. ஆனால் மெடிக்கலில் போய் உடம்பு வலி என்று சொன்னால் தாளில் மடித்துத் தரும் 'செட்' மாத்திரையில் அது வந்துவிடுகிறது. பட்டையிலிருந்து வெட்டிய துண்டில் பெயரும் இருக்காது, எச்சரிக்கையும் இருக்காது. அதே விதிகளின் கே அட்டவணை, மக்கள்தொகை 1,000க்கு மிகாத சிற்றூர்களில் உரிமம் இல்லாமல் விற்கத்தக்க வீட்டு மருந்துகளாக ஆஸ்பிரினையும் பாராசிட்டமாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே தரம். பைபாஸ் செய்துகொண்டவருக்கோ பாராசிட்டமால் காப்பு, ஆஸ்பிரின் கேடு.

பெயர்களும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. காம்பிஃப்ளாம் மாத்திரையில் 400 மி.கி. ஐபுபுரூஃபனும் 325 மி.கி. பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கின்றன. முதுகுவலிக்குப் பரவலாகத் தரப்படும் செரோடால்-பி மாத்திரையில் 100 மி.கி. அசெக்ளோஃபெனாக்கும் 325 மி.கி. பாராசிட்டமாலும். மாதவிடாய் வலிக்குப் பெண்கள் கைப்பையில் வைத்திருக்கும் மெஃப்டால் ஸ்பாஸில் இருப்பது மெஃபெனாமிக் அமிலம். அதுவும் இதே இனம்தான். பாராசிட்டமால் மட்டும் போடலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தவர், பாராசிட்டமால் என்று அச்சிட்ட கூட்டு மாத்திரையை நம்பிக்கையோடு வாங்குகிறார். உடல் பருமன் அறுவை செய்துகொள்பவர்களில் பெண்களே மிகுதி என்பதால் மாதவிடாய் வலியைப் பற்றிப் பேசாத அறிவுரை பாதி அறிவுரைதான்.

6. பாராசிட்டமாலும் அதன் எல்லையும்

மாற்று மருந்துகளில் முதலிடம் பாராசிட்டமாலுக்கே. சளிப்படலத்தைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினை அது குறிப்பிடத்தக்க அளவில் தடுப்பதில்லை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நலமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம் உச்ச வரம்பு. 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். உடல் பருமன் உள்ளவர்களில் கொழுப்புக் கல்லீரல் பரவலாக இருப்பதாலும், அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் உணவு மிகக் குறைந்திருப்பதாலும், கல்லீரலில் நச்சை முறிக்கும் குளூட்டாதயோன் இருப்பு குறைந்திருக்கலாம். எனவே 3 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளுமாறு பல மருத்துவர்கள் கூறுவது நியாயமானது. மது அருந்துபவருக்கு இந்த வரம்பும் கூடுதல்தான்.

மூட்டுவலிக்கு மேலே பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் மற்றொரு வழி. பூசும்போது இரத்தத்தில் கலப்பது மாத்திரையில் கலப்பதில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான். ஒத்தடம், தசைப் பயிற்சி, பல் மருத்துவரிடம் உடனே போவது ஆகியவையும் வலியைக் குறைக்க உதவும். இதய நோய்க்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுப்பவர் மட்டும் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

7. மறைந்து நிற்கும் இரத்தப்போக்கு

இத்தனைக்கும் மேலான ஆபத்து ஒன்று உண்டு. பைபாஸுக்குப் பிறகு இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது குறைவதால் பெரும்பாலோர் இரும்பு மாத்திரை எடுக்கிறார்கள். அதனால் மலம் கறுப்பாகப் போகும். புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும். சோர்வும் இரத்தசோகையும் அறுவைக்குப் பின் எதிர்பார்த்தவைதானே என்று வீட்டாரும் சில நேரம் மருத்துவரும் கடந்துபோகிறார்கள். தார்போல ஒட்டிக்கொண்டு நாற்றம் மிகுந்த மலம், இரும்பு எடுத்தும் இறங்கும் ஹீமோகுளோபின், சாப்பிட்டதும் மேல்வயிற்றில் வலி ஆகிய மூன்றில் எது இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, என்ன வலி மாத்திரை போட்டீர்கள் என்பதே. திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால் இன்னொரு மாத்திரை போடுவதை விட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

8. முடிவு

அமெரிக்காவில் கடையில் விற்கும் ஐபுபுரூஃபன் பெட்டியின் மேல், இதய அறுவைக்குச் சற்று முன்போ பின்போ இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. உடல் பருமன் அறுவையைப் பற்றி அதில் சொல்லவில்லை. அறுவை செய்துகொண்டவரின் நினைவாற்றலை மட்டும் நம்பி இந்தத் தடை நிற்கிறது.

அதை மாற்ற நான்கு செயல்கள் போதும். அறுவைக்கு முன்பே, தலைவலிக்கு, மூட்டுவலிக்கு, மாதவிடாய் வலிக்கு எது என்று தனித்தனியே எழுதிய வலித் திட்டம் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். செய்த அறுவையின் பெயரையும், தவிர்க்க வேண்டிய மருந்துகளின் வேதிப்பெயரையும் புழங்கும் கடைப்பெயரையும் தமிழில் அச்சிட்ட அட்டையை மருத்துவமனை கொடுக்க வேண்டும். மருந்தாளுநர் வலி மாத்திரை தரும் முன், வயிற்றில் அறுவை நடந்ததா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். பல் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் ஊசி எழுதும் முன் அதையே கேட்க வேண்டும். இதில் எதற்கும் புதிய கருவியோ பெரும் பணமோ தேவையில்லை. வலியைப் பொறுத்துக்கொள் என்று நோயாளியிடம் சொல்வது மருத்துவம் ஆகாது. எதைப் போடலாம் என்று சொல்லிக் கொடுக்கும்வரை அறுவையின் பொறுப்பு முடிவதில்லை.