புளூடூத் அலைகளைத் தேடிய மாணாக்கர்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் பெயரோடு நின்றுவிடுவர். ஆக்கியோனைப் பயிற்றியவர் யார், அவன் பின்னர் யாரைப் பயிற்றினான் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. மூலநிரல் எவர்க்கும் திறந்து வைக்கப்பட்ட மென்பொருள்களைப் பொறுத்தவரை இவ்வினாவே முதன்மையானது. பட்டம் வழங்கும் பீடமோ நிலையான ஊதியமோ இல்லாதவிடத்து, ஒரு கருவி ஒரு தலைமுறையைக் கடந்து நிற்பது கற்பிப்போரின் பொறுமையிலேயே தங்கியுள்ளது. புளூடூத் அலைகளைத் தேடியறியும் கருவிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

எரிக்சன், ஐ.பி.எம்., இன்டெல், நோக்கியா, தொஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998 இல் கூடி நிறுவிய இத்தொடர்பு முறைக்கு, 10 ஆம் நூற்றாண்டு டேனிய மன்னன் ஹரால்டின் பட்டப்பெயர் சூட்டப்பட்டது. 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் 79 அலைவரிசைகளிடையே செக்கனுக்கு 1600 தடவை தாவித் தாவிச் செல்வது இதன் இயல்பு. தாவும் ஒழுங்கை அறியாதவனுக்கு அது வெறும் இரைச்சலே. அன்றியும், தேடுவோரின் அழைப்புக்கு மறுமொழி கூறாதவாறு உரிமையாளர் தம் சாதனத்தை மறைத்து வைக்கவும் இயலும். மறைத்தால் போதும், பாதுகாப்பாயிற்று என்னும் நம்பிக்கை நெடுநாள் நிலவியது. 2003 இல் ஒல்லி வைற்ஹவுஸ் என்பார் வெளியிட்ட ‘றெட்ஃபாங்’ முகவரிகளை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்து அந்நம்பிக்கையை அசைத்தது. ஆயின் அது மிக மெதுவான வழி. ஐயத்தைத் தீரச் சோதிக்கத்தக்க வணிகக் கருவிகளோ மாணாக்கர் கைக்கெட்டாத விலையில் இருந்தன.

இந்நிலையிலேதான், 2007 இல், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மாணாக்கரான டொமினிக் ஸ்பில், ஆங்கு ஆய்வு மாணாக்கராயிருந்த அன்ட்ரியா பிட்டோவுடன் இணைந்து ஒரு கட்டுரையை வெளியிட்டார். அவர்கள் காட்டிய வழி எளிமையால் வியப்பூட்டுவது. புளூடூத் முகவரி 48 இருமங்கள் கொண்டது. அதன் கடைசி 24 இருமங்கள் ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் தம்மை வெளிப்படுத்திக்கொள்கின்றன. மறைந்திருக்கும் சாதனமும் பேசும்போது இதை மறைக்க இயலாது. அடுத்த 8 இருமங்கள் அனுப்பப்படுவதில்லை. எனினும் பொதித் தலைப்பின் பிழைச்சோதனை எண் அவற்றைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. தலைப்பு, கடிகாரத்தின் 6 இருமங்களால் கலைக்கப்பட்டிருப்பதால், 64 வழிகளில் கலைப்பை நீக்கிப் பின்னோக்கிக் கணித்தால் 64 ஊகங்கள் கிடைக்கும். அடுத்தடுத்து வரும் பொதிகள் பொய்யூகங்களைக் களைந்துவிடும். எஞ்சிய 16 இருமங்கள் தாவல் ஒழுங்கைக் கணிக்கத் தேவைப்படுவதேயில்லை. கணிதம் பெரிதன்று, எவர்க்கும் புலப்படும் இடத்தில் இருந்ததை ஊன்றி நோக்கியதே பெரிது.

நிரல் திறந்திருந்தமையால் அது பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கரான மைக்கல் ஒஸ்மன் அப்பணியில் இணைந்தார். 2011 இல் அவர் ‘உபர்டூத் வன்’ என்னும் சிறு பலகையைத் தந்தபோது, அதன் சுற்றமைப்பு வரைபடமும் நிரலோடு சேர்த்துத் திறந்துவைக்கப்பட்டது. பற்றாசு வைக்கத் தெரிந்த மாணாக்கன் ஒருவன் தானே அதைச் செய்துகொள்ளலாம். ஸ்பில் பின்னர் அத்திட்டத்தின் முன்னணி நிரலாளருள் ஒருவரானார். நேற்றைய மாணாக்கன் பிறர் அனுப்பும் திருத்தங்களை ஆராய்பவனானான்.

இத்தகைய பயிற்சியைக் கூகிள் நிறுவனம் 2005 இல் ஒரு கோடைகாலத் திட்டமாக ஒழுங்கமைத்தது. முதலாண்டில் 400 க்கு மேற்பட்ட மாணாக்கர் தேர்வுபெற்றனர். வெற்றியுற்ற மாணாக்கனுக்கு 4500 டொலர். வழிகாட்டிய அமைப்புக்கு 500 டொலர். கற்பிப்போரின் உழைப்பு ஏறக்குறைய இலவசமாகவே கொள்ளப்பட்டது என்பதை இவ்வீதமே கூறிவிடுகின்றது. ஆயினும் பயன் விளையாமற் போகவில்லை. வலையமைப்புத் தேடற் கருவியான ‘என்மப்’பின் இன்றைய வரைகலை முகப்பு அம்முதற் கோடையில் வழிகாட்டப்பட்ட ஒரு மாணாக்கரின் ஆக்கத்திலிருந்து கிளைத்ததே. எமது நாட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகம், இத்திட்டத்தில் இடம்பெற்ற மாணாக்கர் தொகையில் உலகப் பல்கலைக்கழகங்களுள் பல ஆண்டுகள் முதலிடம் வகித்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 2022 முதல் மாணாக்கரல்லாத புதியோருக்கும் அத்திட்டம் திறக்கப்பட்டது.

பிறர் அலைகளைச் செவியேற்கும் கலையை இளைஞருக்குக் கற்பித்தல் தகுமோ எனக் கேட்போர் உளர். வினா நியாயமானதே. ஆனால் கற்பிக்காதவிடத்துக் குறை நீங்குவதில்லை. குறையை அறிந்தோர் தொகையே சுருங்குகின்றது. நல்ல வழிகாட்டி முதலிற் கொடுக்கும் பயிற்சி, மாணாக்கன் தன் சொந்தச் சாதனத்தைத் தானே தேடிக் காண்பது. தன் பையிலிருக்கும் தொலைபேசி தன்னைக் காட்டிக்கொடுப்பதை ஒருமுறை கண்டவனுக்கு, அயலவனின் அந்தரங்கம் பற்றித் தனியே விரிவுரை நிகழ்த்தவேண்டியதில்லை. வந்த திருத்தத்தைத் தாமே செப்பஞ்செய்து ஏற்றுக்கொள்ளும் வழிகாட்டி விரைவில் வேலையை முடிப்பார், ‘இவ்வரி ஏன்?’ எனக் கேட்டுத் திருப்பியனுப்புபவரோ ஒரு வாரத்தை இழந்து ஒரு துணைவனைப் பெறுவார். கோடை முடிந்ததும் மாணாக்கன் அகல, அவன் நிரல் பேணுவாரற்றுக் கிடக்கும் அவலம் முன்னவரிடத்தே மிகுதி.

உபர்டூத் பலகையின் உற்பத்தி 2022 இன் இறுதியில் ஓய்வுபெறுவதாக அறிவிக்கப்பட்டது. நிரல் மட்டும் இன்றும் திறந்தே கிடக்கின்றது. 64 ஊகங்களைக் களையும் அப்பகுதியை விரும்பிய மாணாக்கன் எவனும் எடுத்து வாசிக்கலாம்.